ஒன்பதாம் வகுப்புப் புத்தகம்

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் ஆண்டு முழுவதும் புதிதாகவே கிடக்கும். மறுநாள் ஆய்வு அதிகாரி வருகிறார் என்றதும், அறிவியல் புத்தகங்களைப் பழசாக்கும் வேலை என்னிடம் வந்தது. பிள்ளைகள் தாள்களை மடக்கினார்கள், கண்ட இடத்தில் அடிக்கோடிட்டார்கள். "சாம்பார ஊத்துடி, நல்லாப் படிச்ச மாதிரி இருக்கும்" என்றாள் ஒருத்தி. கனிஷ்கா மட்டும் சிறுநீரகப் படத்தில் நின்றுவிட்டாள். "மிஸ், இந்தப் பாடத்த மட்டும் நடத்துங்க மிஸ். அப்பாவுக்கு அம்மா ஒண்ணு குடுக்கப் போறாங்க. மிச்சம் இருக்கற ஒண்ணு அம்மாவுக்குப் போதுமா?" நான் வாய் திறப்பதற்குள் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். "முடிஞ்சுதா? அடுத்தது பத்தாவது கணக்கு." "முடிஞ்சது மேடம்" என்றேன். கனிஷ்கா புத்தகத்தை மூடாமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் அதிகாரி அவளுடைய புத்தகத்தைத்தான் கையில் எடுத்தார். அது தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்தது. தாள் நைந்திருந்தது. இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. "இதை நல்லா நடத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்திட்டார். கனிஷ்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.