கறுக்காத எண்ணெய்

மலைப்பாதையில் காய்கறி ஏற்றும் லாரியின் டீசல் எஞ்சினுக்குத் தன் எண்ணெய்மேல் ஓயாத எரிச்சல்.

“ஊற்றிய வாரமே கறுத்துவிடுகிறாய். பார்க்கிறவர்கள் என்னைத்தானே அழுக்கென்பார்கள்?” என்றது.

“அது உங்கள் புகைக்கரி, அண்ணே. உள்ளே படியாமல் நான் சுமக்கிறேன்,” என்றது எண்ணெய்.

எஞ்சின் நம்பவில்லை. வேறு எண்ணெய் வேண்டுமென்று டிரைவர் செபஸ்தியானை நச்சரித்தது. தொல்லை தாங்காமல் அவர் பழையதை வடித்துவிட்டு, பெட்ரோல் காருக்கு ஊற்றும் எண்ணெயை ஊற்றினார்.

அது தேன் நிறத்தில் இருந்தது. மாதம் ஒன்றாகியும் அவ்வளவாகக் கறுக்கவில்லை. எஞ்சினுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“என் கரியெல்லாம் எங்கே போகிறது?” என்று ஒருநாள் கேட்டது.

“எனக்கென்ன தெரியும்? என்மேல் ஒட்டவில்லை,” என்றது புது எண்ணெய்.

கரி உள்ளேதான் சேறாகப் படிந்துகொண்டிருந்தது. ஒரு நண்பகல், முழுப் பாரத்தோடு ஏறும்போது, எண்ணெய் எட்டாமல் எஞ்சினின் மேல்பாகம் காய்ந்து தேய்ந்தது.

“மேலே வா, எரிகிறது,” என்று கதறியது.

“வழியெல்லாம் அடைத்துக் கிடக்கிறது,” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஒரு வளைவில் எஞ்சின் இறுகி நின்றது. செபஸ்தியான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பினார். எஞ்சினுக்கு அது கேட்டது. அசையத்தான் முடியவில்லை.