செருப்புக்கு மேலே

வாயைப் பிளந்து வைத்துக்கொண்டே சொற்பொழிவு ஆற்ற ஓர் ஆங்கிலப் பேராசிரியரால்தான் முடியும். பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் மல்லாந்தபடி அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

“அசையாம இருங்க சார்,” என்றார், முகமூடியும் கையுறையும் அணிந்து குனிந்திருந்தவர். காலால் எதையோ அழுத்தினார். நாற்காலி மேலே போனது, இறங்கியது, மறுபடி மேலே போனது.

“கடைவாய்ப் பல்லுங்க. இந்தப் பக்கம் மெல்றதுக்கு மிச்சமிருக்கிறது இது ஒண்ணுதான். பிடுங்குறதா, காப்பாத்துறதான்னு இன்னிக்கு முடிவாகணும். வீட்டுல ஆளாளுக்கு யோசனை. பொண்டாட்டி காப்பாத்தச் சொல்றா. மச்சான் பிடுங்கச் சொல்றான். அவன் வச்சிருக்கிறது வாட்ச் கடை. இவங்களுக்குன்னே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு. அல்ட்ராக்ரெப்பிடேரியன்.”

“அப்படின்னா என்ன சார்?”

பேராசிரியருக்குப் பல்வலி பறந்துபோனது. வகுப்பில் கேள்வி கேட்கும் ஜீவனைப் பார்த்து அவருக்கு வெகுகாலம் ஆகியிருந்தது.

“தனக்குத் தெரியாத விஷயத்துல தலையிட்டுக் கருத்துச் சொல்றவங்க. அந்தக் காலத்துல ஒரு ஓவியர் தன் படத்தை வாசல்ல வச்சிட்டு, ஒளிஞ்சு நின்னு கேட்டாராம். செருப்புத் தைக்கிறவர் ஒருத்தர் பார்த்துட்டு, படத்துல செருப்பு வார் தப்புன்னார். ஓவியர் திருத்திட்டார். மறுநாள் அதே ஆள் வந்து, காலே சரியில்லைன்னார். செருப்போட நிறுத்திக்கன்னுட்டார் ஓவியர். லத்தீன்ல க்ரெப்பிடான்னா செருப்பு, அல்ட்ரான்னா அதுக்கு அப்பால். அதை வச்சுப் பின்னாடி உண்டாக்கின வார்த்தை.”

“நல்லாத்தான் சொல்லியிருக்காங்க,” என்றபடி அவர் விளக்கை இழுத்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார். “என்னைக் கேட்டா, பிடுங்கிடுங்க சார். எங்க சித்தப்பாவுக்கும் பிடுங்கின பிறகுதான் நிம்மதி.”

பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

“கேட்டுக்க. தொழில் தெரிஞ்சவரே சொல்லிட்டாரு, பிடுங்கணுமாம். இனிமே என் பல்லைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது.”

முகமூடிக்காரர் கூச்சத்தோடு சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

கதவு திறந்தது. இளம்பெண் ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“சிஸ்டர், போய் ஊசியை எடுத்துட்டு வாம்மா. சார் பல்லைப் பிடுங்கப் போறாரு.”

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். பிறகு முகமூடிக்காரரைப் பார்த்தாள்.

“நாற்காலி ரிப்பேர் முடிஞ்சுதாண்ணே? நான் பல்லைப் பார்க்கணும்.”