இடப்பக்கத் திரை

மருத்துவமனையின் பதிவுகளைத் தாங்கும் இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று கவனித்தபடியே இயங்கும். நடுவில் கேபிள் அறுந்தால் எது தொடர வேண்டும் என்று சொல்ல மூன்றாவதாக ஒரு சின்ன இயந்திரம் உண்டு. அதற்குச் சாட்சி என்று பெயர். பழுதுபார்க்க அதை அணைத்த பெலிக்ஸ் மறுபடி போட மறந்துவிட்டான். இன்று கேபிள் போனதும், இரண்டு சர்வர்களும் மற்றது செத்துவிட்டதென்று நம்பித் தனித்தனியே வேலையைத் தொடர்ந்தன.

“ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும். வார்டுல எழுதினது எதுல ஏறியிருக்குன்னு பாத்துட்டு இன்னொண்ணை அழிச்சிடு,” என்றார் மேலாளர் ஹமீது, தொலைபேசியில்.

ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான்: அக்கா படுத்திருக்கும் ஒன்பதாம் கட்டில். சர்வருக்கு ஒன்றாக இருந்த இரண்டு திரைகளிலும் அதைத் திறந்தான். இடப்பக்கம், காலையில் எழுதியது: மூச்சு சீராக இருக்கிறது, கஞ்சி கொடுக்கலாம். வலப்பக்கம் அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: நோயாளி இறந்துவிட்டார், உறவினருக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.

“பாத்தியா பெலிக்ஸ்? எதை அழிக்கணும்?”

“இடதை சார்.”

“அப்ப அழிச்சிடுப்பா. எல்லாரும் காத்துட்டிருக்காங்க.”

“சரி சார்,” என்றான். வார்டில் அக்கா பக்கத்தில் போடுவதுபோல, நாற்காலியைச் சத்தமில்லாமல் இடப்பக்கத் திரையருகே போட்டு உட்கார்ந்தான்.