விளக்கு அதிகாரியின் மைதானம்

“யோவ், கால எடு! வாத்து முட்டை மேல நிக்கிற!”

வாத்துக்காரி கையில் கிடைத்த மண்கட்டியை எடுத்து வீசினாள். அது கோட்டுக்காரரின் காலடியில் விழுந்து சிதறியது.

அவர் அசரவில்லை. “இது வாத்துப் பண்ணை இல்லம்மா. யுத்த காலத்து விமான மைதானம். எங்க தாத்தாதான் இங்க விளக்கு அதிகாரி. ராத்திரியில ஓடுபாதை பூரா விளக்கேத்தி வச்சவரு. அவர் பேர்ல இங்க நினைவுத் தூண் வரப் போகுது.”

“என் நிலத்துல தூணா? உங்க தாத்தாவுக்கு வேற இடமே கிடைக்கலையா?”

“உன் நிலமா? மைதானம்னு நிரூபிச்சிட்டா சர்க்கார் எடுத்துக்கும். இவர் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

கூட வந்த தொப்பிக்காரரைக் காட்டினார். கைவிடப்பட்ட விமான மைதானங்களைத் தேடிப் பிடித்து, இது இன்னது என்று சான்று தருவது அவருடைய தொழில். வந்ததிலிருந்து அவர் குனிந்து குனிந்து தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வாத்துக்காரிக்கு இது அம்மா விட்டுப்போன ஒரே சொத்து. இதையும் பிடுங்கிக்கொண்டால் எங்கே போய் நிற்பது?

கோட்டுக்காரர் ஒரு பழைய போட்டோவை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். வரிசையாக விமானங்கள். முன்னால் ஓர் ஒல்லி மனிதர், ஒரு விமானத்தின் வாலை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, தாத்தாவோட பலத்த!”

“ஊதினா விழுந்துடுவாரு போல இருக்கு. பலமாம், பலம்!”

“வாய அடக்கு! சரித்திரம் தெரியாம ஓடுபாதை முழுக்கக் குளம் வெட்டி வச்சிருக்கீங்களே, யாரு வெட்டினது? உங்கப்பனா? கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன்!”

தட்டுப் போல வட்டமான அந்தக் குளங்களில் அவள் அம்மா சாகும்வரை கையைக்கூட நனைத்ததில்லை. அந்தக் கதையை இந்த ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

தொப்பிக்காரர் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார். “சான்று தர முடியாது சார். இங்க ஒரு ப்ளேன்கூட இறங்கினதில்ல.”

“என்னய்யா உளர்றீங்க? போட்டோவுல வரிசையா நிக்குதே!”

“நிஜ ப்ளேன் வால ஒத்தக் கையால தூக்க முடியுமா? அதெல்லாம் மரச்சட்டமும் துணியும். கீழ பாருங்க, தளமே போடல. சும்மா சுண்ணாம்பக் கொட்டிக் கோடு இழுத்திருக்காங்க. நிஜ மைதானம் அந்த மலைக்குப் பின்னாடி இருந்துது.”

“அப்ப எங்க தாத்தா எதுக்கு விளக்கேத்தினாரு?”

“எதிரி ப்ளேன் வர்றப்ப அங்க விளக்க அணைச்சிட்டு இங்க ஏத்துவாங்க. இதுதான் மைதானம்னு ஏமாந்து அவன் குண்ட இங்க போட்டுட்டுப் போயிடுவான். அதுக்குன்னே அமைச்ச பொய் மைதானம் சார் இது.”

கோட்டுக்காரர் போட்டோவைத் தாழ்த்தினார். “பக்கத்துல... ஜனங்க யாரும் குடியிருந்திருக்க மாட்டாங்க, இல்ல?”

தொப்பிக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

வாத்துக்காரி பெரிய குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். வழி தவறி வந்த ப்ளேன் தெரியாமல் போட்ட குண்டு என்றுதான் அம்மா கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். அந்த ராத்திரியில் அம்மாவின் அண்ணன்மார் இருவரும் வீட்டோடு போய்விட்டார்கள். வீடு இருந்த இடத்தில் குண்டு பறித்த பள்ளம்தான் இப்போது அந்தக் குளம்.

அவள் கையில் இன்னொரு மண்கட்டி இருந்தது. அதைக் கீழே போட்டாள்.

“குளம் வெட்டினது யாருன்னு கேட்டியே,” என்றாள். “உன் தாத்தாதான்யா!”