பிளைவுட் கதவு

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். நான் இன்னும் படத்தில் வரவில்லை.

"ஏட்டி கிருபா, நீ எப்பத்தான் வருவ?" என்றார் அத்தை, முறுக்கைக் கடித்துக்கொண்டே. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு எரிந்தது. ஆனால் மாமியாரிடம் இன்றைக்குக் கோபப்பட முடியாது. என் வேலை அவர் வாயில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அத்தைதான் நம்பவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், மூன்று பையன்களோடு சேர்ந்து கம்பெனி நடத்தியவள் என்று. அடுப்படியில் நின்று பீற்றிக்கொள்கிறேன் என்றே அவருக்கு நினைப்பு. படத்தில் உன்னைப் பார்க்கிறேன், வேலையைப் பற்றி அப்புறம் பேசுவோம் என்று முடித்துவிட்டார். அவர் மகனோ அம்மா சொன்னால் சரி என்கிற ஆள்.

படம் எங்கள் கதை. எழுதியவன் காளிராஜ், எங்கள் நால்வரில் ஒருவன். கம்பெனி மூடியதும் மெட்ராஸ் போய் சினிமாவில் ஒட்டிக்கொண்டான். போன வாரம் ஊருக்கு வந்தவன் வீட்டுக்கே வந்து சொன்னான். முழுக்க முழுக்கக் காமெடிதானாம். ஆனாலும் கைதட்டல் பூராவும் என் பார்ட்டுக்குத்தானாம். அதற்கு மெட்ராஸில் யாரும் தோதாக அமையாமல் ராஜபாளையத்திலிருந்தே தேடிக் கூட்டிக்கொண்டு போனார்களாம்.

யார் அந்தப் பிள்ளை என்று கேட்டேன். தியேட்டரில் பார் என்று சிரித்தான். அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

தொண்ணூறில் தேரடிப் பக்கம் நாங்கள் போட்டது கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. எங்கள் பக்கத்துக்கு அது புதுசு. காளிராஜிடம் வாய் இருந்தது. சோலைராஜிடம் இடம் இருந்தது. தனுஷ்கோடியிடம் பழைய பஞ்சாங்கங்கள் இருந்தன. மதுரைக்குப் போய் புரோகிராம் எழுதப் படித்தவள் நான் ஒருத்திதான். ராசி நட்சத்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அத்தனையையும் உட்கார்ந்து மெஷினுக்குள் ஏற்றியது நான்.

ஆனால் ஜாதகக் கடையில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் உட்கார்ந்திருந்தால் எவன் வருவான்? பிளைவுட்டில் ஒரு தடுப்பு அடித்துக் கதவும் வைத்து, என்னை அதற்குப் பின்னால் போட்டார்கள். ஆள் வந்தால் இருமக்கூடக் கூடாது.

படத்திலும் அந்தத் தடுப்பு இருந்தது. அதே பச்சை பெயிண்ட். மூன்று ஹீரோக்களும் டீக்கடை பன்னை அதற்கு மேலாக உள்ளே வீசினார்கள். எனக்கும் பன் அப்படித்தான் வரும். உள்ளே யார் என்று இடைவேளை வரைக்கும் காட்டவில்லை. சஸ்பென்ஸ் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது திறப்பு விழாக் காட்சி வந்தது. மில் முதலாளி ஒருவர் மகளின் ஓலை ஜாதகத்தை நீட்டுகிறார். பிறந்த நேரம் அதில் நாழிகைக் கணக்கில் இருக்கிறது. ஹீரோ அதை மணி என்று நினைத்துத் தட்டுகிறான். நாற்பத்திரண்டு மணி. ஸ்கிரீன் அப்படியே நின்றுவிடுகிறது.

நடந்ததும் அதுதான். அன்றைக்குத் தட்டிய புத்திசாலி காளிராஜ். முதலாளி துண்டை உதறி எழுந்துவிட்டார். மூன்று பேரும் திருதிருவென்று முழித்தார்கள். எந்த முதலாளி இருந்தால் எனக்கென்ன என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நாழிகையை மணியாக மாற்றித் தட்டினேன். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. அன்று கம்பெனி பிழைத்தது என்னால்.

அத்தையின் கையைப் பிடித்தேன். "இப்பப் பாருங்க."

திரையில் முதலாளி எழுந்தார். பச்சைக் கதவு கிரீச்சென்று திறந்தது.

ஒரு நாய் வந்தது.

பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, சுத்தமான ராஜபாளையத்து ஜாதி. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து முன்னங்காலைக் கீபோர்டில் வைத்தது. பிரிண்டர் ஓடியது.

தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. ஹீரோக்கள் நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

பாவி. எங்கள் கடையில் நாயே கிடையாது. என்னைப் பைத்தியக்காரியாகக் காட்டியிருக்கலாம், மூன்று பேரையும் கெடுத்த ராட்சசியாகக் காட்டியிருக்கலாம். பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டல்லவா அப்படிச் சிரித்தான்!

அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊரோடு சேர்ந்து கையும் தட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"சரி, நீ எங்கட்டி? இன்னும் காணலையே?"

"நான் வந்துட்டேன் அத்தை. நீங்கதான் கை தட்டுனீகளே."

அத்தை திரையைப் பார்த்தார். பச்சைக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அந்தக் கதவு, அந்த நாழிகை, அந்த பன், எல்லாம் அவர் என் வாயால் எத்தனையோ தடவை கேட்டவைதான்.

கோயில் ஆராதனையானாலும் சினிமாவானாலும் பாதியில் எழுந்திருக்கிறவர் இல்லை அத்தை. மீதி முறுக்கைப் பொட்டலமாக மடித்து என் மடியில் போட்டார். குனிந்து, சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பய இன்னும் ஊர்லதான் இருக்கானா?"