சுற்றுலாவின் கடைசி வீடு

பாலத்தின் நடுவில் நிற்க மறுத்துவிட்டார் ஜாஸ்.

எல்லோரும் நிற்கும் இடம் அது. அங்கே நிற்பதற்காகத்தான் எங்கள் மோஸ்டார் நகருக்கே வருகிறார்கள். கீழே நெரெட்வா ஆறு பச்சையாக ஓடும். ஆற்றில் குதிக்கிறவர்கள் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்றுகொண்டு, கூட்டம் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். நான் பத்து நிமிடம் பேசுவேன்.

என் முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் அக்கரையில் இறங்கியிருந்தார்.

வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்காக மன்னிப்புக் கேட்டார் கணவர் கீத். அடிலெய்டிலிருந்து வந்த தம்பதி. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. தங்கள் இருவருக்கு மட்டும் என்று என்னை ஒரு நாள் முழுவதும் வழிகாட்டியாக அமர்த்தியிருந்தார்கள்.

செம்பு தட்டும் கடைத்தெருவில் எதையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை ஜாஸ். கோபுரத்தில் ஏற வரவில்லை. குண்டு துளைத்த சுவர்களைக் காட்டியபோது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நகைச்சுவைகளுக்கு இருவர் பங்கையும் சேர்த்து கீத்தே சிரித்தார்.

மதியம் செவாப்பி வந்தது, சுட்ட இறைச்சியும் ரொட்டியுமாக. ஜாஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்படித்தான் தம்பி," என்றார் கீத். "எங்க வீட்டு நாற்காலி எல்லாம் இன்னும் புதுசாவே இருக்கு. இவ உக்காந்தாத்தானே."

சொல்லிவிட்டு மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. சலித்துப்போன வாடிக்கையாளரைவிட வழிகாட்டிக்கு வேறு அவமானம் இல்லை. ஆனால் என்னிடம் கடைசி நிறுத்தம் பாக்கி இருந்தது. அங்கே நான் சொல்லும் கதைக்கு இதுவரை யாரும் அசையாமல் இருந்ததில்லை.

சந்துக்குள் ஜாஸ் எங்களுக்கு முன்னால் நடந்தார். பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் இடப்பக்கம் திரும்பியிருந்தார்.

இரும்புக் கதவு. முற்றத்தில் மாதுளை மரம். வெளிப்புறமாக மாடிக்கு ஏறும் கல் படிகள்.

வழக்கம்போல் வீட்டுக்கு முதுகு காட்டி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

போர் நடந்த தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடை. இந்த வீட்டில் நாலு பேர். விடியற்காலையில் துப்பாக்கியோடு வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியேறச் சொன்னார்கள். யார் யாரை என்று நான் சொல்வதில்லை; வருகிறவர்களுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. பிறகு உள்ளே நுழைந்தவர்கள் பார்த்தார்கள்: மேசைமேல் நாலு கோப்பையில் காபி, ஆவி பறக்க. ஒரு வாய்கூடக் குடிக்கப்படாமல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். நிறுத்தினேன்.

கீத் தொப்பியைக் கழற்றினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

அன்று முதல்முறையாக ஜாஸ் ஓரிடத்தில் நின்றிருந்தார்.

பிறகு பேசினார். ஆங்கிலத்தில் அல்ல. எங்கள் மொழியில், இந்தத் தெருவுக்கே உரிய இழுவையோடு.

"சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல மகனே. ரெண்டு மாசமா வீட்டுல காப்பித் தூளே கிடையாது. அம்மா பார்லிய வறுத்துக் கொதிக்க வெச்சிருந்தா. அதையும் குடிச்சிட்டுத்தான் போனோம். கோப்பையும் நாலு இல்ல, மூணு. அண்ணன முந்தின வாரமே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

காலையில் எங்கள் மொழியில் நன்றி சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். இரண்டு முறை திருப்பிச் சொன்னார், தப்பாக. நான் பாராட்டினேன்.

கீத் என் தோளில் கை வைத்தார். வழிகாட்டி இல்லாமல் இந்த ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று ஜாஸ் பிடிவாதம் பிடித்தாராம். வெளியூர்க்காரியாக வந்தால்தான் தன்னால் நடக்க முடியும் என்றாராம்.

"இந்தக் காப்பிக் கதைய உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார் ஜாஸ்.

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

எல்லா வழிகாட்டிகளும் சொல்வதுதான் என்றேன். பொய். இந்த ஊரில் அதைச் சொல்லும் வழிகாட்டி நான் ஒருவன்தான்.

அப்போது மாடி ஜன்னல் திறந்தது. தினமும் அந்த நேரத்துக்குத் திறக்கும். உள்ளூர்க் குடும்பத்தோடு ஒரு காபி என்பது என் சுற்றுலாவின் கடைசி அங்கம்.

"டெனிஸ், வெயில்ல ஏன் நிக்க வெச்சிருக்க? விருந்தாளிங்கள மேல கூட்டிட்டு வா. தண்ணி கொதிச்சாச்சு," என்றாள் என் அம்மா.

என்ன சொல்கிறார் என்று கீத் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜாஸே அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார், காபிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று. சொல்லிக்கொண்டே முதல் படியில் கால் வைத்தார்.

நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன், அந்தக் கோடைக்கு அடுத்த வருடம். கேட்டு வர யாரும் இல்லாததால் வீடு எங்களுக்கே ஆயிற்று.

காபிக் கதையை எனக்குச் சொன்னவர் அப்பா. அன்று விடியற்காலையில் அந்த அறைக்குள் முதலில் நுழைந்தவர் அவர்.

இந்நேரம் மேசையருகே உட்கார்ந்து, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார்.