மாற்று ஆள்

ஒன்பது வருடமாக, "லீவு கிடைக்கலை" என்று சொல்லி வீட்டுக்கே வராத அக்கா, தான் வேலை பார்த்த படைவீரர் ஆஸ்பத்திரியில் எனக்கும் நர்ஸ் வேலை வாங்கித் தந்தாள். "நான் இருக்கேன்ல, வா" என்றாள். இரண்டு பெட்டிகளோடு ஊர் மாறி வந்தேன்.

முதல் நாள் காலையில் வார்டை என்னிடம் ஒப்படைத்தாள். இருபத்துநான்கு நோயாளிகள், மருந்து அலமாரிச் சாவி. நான் கையெழுத்துப் போட்டதும் என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

மாலையில் வேலை முடிந்து நானும் இறங்கினேன். கீழ்த்தளத்தில் அதே வார்டு இருந்தது. இன்னொரு மாடி இறங்கினேன். அதே இருபத்துநான்கு பேர்.

"மாத்தி விட ஆள் வராம காவலை விட்டுப் போக முடியாதும்மா" என்றார் கடைசிக் கட்டிலில் இருந்த பழைய சிப்பாய்.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா வீட்டுக்கு வந்துட்டாடி. நீதான் அங்கேயே இருந்துடறேன்னு அடம் பிடிச்சியாமே?"